நின்றாலும் ஆபத்து, ஓடினாலும் ஆபத்து! ராக்கெட் கணினிகள் சொல்லும் பாடம்

சென்னையிலிருந்து வடக்கே போகும் ரயிலில் கும்மிடிப்பூண்டியைத் தாண்டினால் எளாவூர், ஆரம்பாக்கம், தடா என்று ஸ்டேஷன்கள் வரும். இன்னும் கொஞ்சம் போனால் சூலூர்பேட்டை. அங்கே இறங்கி, பழவேற்காடு ஏரியைக் குறுக்காகக் கடக்கும் சாலையில் கிழக்கே போனால் ஸ்ரீஹரிகோட்டா. ஏரியின் தென்கோடியில் இருக்கும் பழவேற்காடு ஊர் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. வடக்கே தீவில் இருக்கும் ராக்கெட் தளம் ஆந்திராவுக்குள் வருகிறது. நடுவில் மாநில எல்லை இருந்தாலும் இரண்டு பக்கமும் ஒரே தண்ணீர்தான்.

ராக்கெட் கிளம்பும் நாளில் கும்மிடிப்பூண்டி பக்கத்து மொட்டை மாடிகளில் கூட்டம் சேரும். பழவேற்காட்டு மீனவர்களுக்கோ அன்று கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவிப்பு வரும். வானில் போகும் ஒன்று தப்பினால் கடலில்தானே விழும்?

தப்பியும் இருக்கிறது. ஏரிக்கு அந்தப் பக்கம் கிளம்பிய சில ராக்கெட்டுகளின் தோல்விக் கதையைப் பார்த்தால் அதில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. இயந்திரக் கோளாறு மட்டும் அதற்குப் பதில் ஆகாது. கேள்வி இதுதான்: எதிர்பாராத ஒன்று நடந்துவிட்டால் கணினி என்ன செய்ய வேண்டும்? நின்றுவிட வேண்டுமா, இல்லை சமாளித்துக்கொண்டு ஓட வேண்டுமா?

நிரல் எழுதும் எல்லோரும் தினமும் சந்திக்கும் கேள்விதான் இது. ஆனால் அதற்கான விலையை ராக்கெட்டில்தான் பளிச்சென்று பார்க்க முடிகிறது.

முதலில் ஒரு கால்குலேட்டர்

கம்ப்யூட்டர் படிக்காதவர்களும் புரிந்துகொள்ள, மளிகைக் கடை கால்குலேட்டரை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு இலக்கம்தான் அதில் தெரியும். அதற்கு மேல் போகும் பெருக்கலைப் போட்டால் மூலையில் ஓர் 'ஈ' எழுத்து வந்து நிற்கும். அழிக்கும் பட்டனை அமுக்கும் வரை அடுத்த கணக்கைப் போடாது. எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அது செய்வது நியாயமான வேலை. தப்பான விடையைச் சரியான விடை போலக் காட்டாமல், "என்னால் முடியவில்லை" என்று ஒத்துக்கொள்கிறது.

நிரலிலும் இப்படி நடக்கும். பூஜ்யத்தால் வகுக்கச் சொல்வார்கள், இல்லாத கோப்பைத் திறக்கச் சொல்வார்கள், பெட்டிக்குள் அடங்காத எண்ணைப் போடச் சொல்வார்கள். அப்போது நிரல் ஒரு 'எக்ஸெப்ஷன்' எழுப்பும். தமிழில் விதிவிலக்கு என்கிறார்கள். எழுப்பிய இடத்திலேயே அதைக் கவனிக்க ஆள் இல்லையென்றால், அந்த வேலையைக் கொடுத்த மேல்நிலை நிரலுக்குப் போகும். அங்கேயும் இல்லையென்றால் அதற்கும் மேலே. கடைசி வரை யாரும் பிடிக்கவில்லை என்றால் அதுதான் 'பிடிபடாத விதிவிலக்கு'. பெரும்பாலான மொழிகளில் அப்போது நடப்பது ஒன்றுதான்: நிரல் நிறுத்தப்படும்.

வணிகவியல் மாணவர்களுக்கு இது புதிதல்ல. இருப்புச் சோதனையில் பற்றும் வரவும் ஒட்டவில்லை என்றால் என்ன செய்கிறோம்? வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போட்டுவிட்டு மேலே போகிறோம், பிழை கிடைத்ததும் சரிக்கட்டுகிறோம். பிழையைப் 'பிடித்து' வைக்கும் ஓர் ஏற்பாடு அது. அனாமத்துக் கணக்கே இல்லாத கம்பெனியில் ஒரு ரூபாய் ஒட்டவில்லை என்றாலும் கணக்கே முடியாது. எல்லாவற்றையும் அனாமத்தில் தள்ளும் கம்பெனியில் கணக்கு முடிந்தும் பயனில்லை. இரண்டுமே ஆபத்து!

மொழிகளில் இந்த யோசனை வந்த கதை

ஆரம்ப காலக் கணினிகளில் பிழை வந்தால் இயந்திரம் அப்படியே நின்றுவிடும். ஆபரேட்டர் வந்து பார்ப்பார். 1960-களில் ஐபிஎம் உருவாக்கிய பிஎல்-ஒன் மொழிதான், "இன்ன பிழை வந்தால் இன்னது செய்" என்று நிரலுக்குள்ளேயே எழுதும் வசதியைப் பெரிய அளவில் கொண்டுவந்தது. எண் வழிந்தால், பூஜ்யத்தால் வகுத்தால் என்று ஒவ்வொரு நிலைமைக்கும் ஒரு பெயரே இருந்தது.

1975-இல் ஜான் குட்எனஃப் என்பவர் விதிவிலக்குகளை எப்படி ஒழுங்காகக் கையாளலாம் என்று எழுதிய கட்டுரை இத்துறையில் முக்கியமானது. அதே எழுபதுகளில் அமெரிக்காவின் எம்ஐடியில் பார்பரா லிஸ்கோவ் குழுவினர் 'க்ளூ' மொழியை உருவாக்கினார்கள். பிறகு அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக உருவான 'அடா' 1983-இல் தரப்படுத்தப்பட்டது. விமானம், ராக்கெட் போன்ற உயிர் காக்கும் வேலைகளுக்கென்றே வந்த மொழி அது. விதிவிலக்கு அதில் மொழியின் அங்கமாகவே இருந்தது.

சி மொழியின் நூலகத்தில் நிரலை முடிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று 'எக்ஸிட்'. கடையைப் பூட்டும் முன் கல்லாவை எண்ணி, விளக்கை அணைத்துவிட்டுப் போவது மாதிரி. முன்பே பதிவு செய்து வைத்த கடைசி வேலைகளை முடித்து, எழுதாமல் மிச்சமிருக்கும் தகவலைக் கோப்பில் சேர்த்துவிட்டு முடியும். இன்னொன்று 'அபார்ட்'. ஷட்டரை அப்படியே இழுத்துவிட்டு ஓடுவது மாதிரி. சி++ மொழியில் யாரும் பிடிக்காத விதிவிலக்கு வந்தால் 'டெர்மினேட்' என்ற செயற்கூறு அழைக்கப்படும். நாம் வேறு ஏற்பாடு செய்து வைக்காவிட்டால் அது அபார்ட்டைத்தான் கூப்பிடும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'யாரும் பிடிக்காவிட்டால் என்ன செய்வது' என்பதையும் நூலகம் எழுதியவர் ஒருவர் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கிறார். நம் நிரல் எங்கே ஓடப் போகிறது என்பது அவருக்குத் தெரியாது. மேஜை மீதா, வானத்திலா?

1979: கணினி வேண்டாம் என்றது

இனி ஸ்ரீஹரிகோட்டாவுக்கு வருவோம். 1979 ஆகஸ்ட் 10. இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ஏவு ராக்கெட்டான எஸ்எல்வி-3 கிளம்பத் தயாராக நின்றது. திட்ட இயக்குநர் ராமேஸ்வரத்துக்காரரான அப்துல் கலாம்.

கலாம் இந்தக் கதையைப் பிற்காலத்தில் பல மேடைகளில் தானே சொல்லியிருக்கிறார். கவுண்ட்டவுனின் கடைசிக் கட்டத்தில் தரையில் இருந்த கணினி ஏவுதலை நிறுத்தி வைத்தது. திரையில் கசிவு பற்றிய எச்சரிக்கை. கூட இருந்த நிபுணர்கள், தாங்கக்கூடிய அளவுதான் என்றார்கள். கலாம் கணினியைத் தாண்டிச் சென்று ராக்கெட்டை ஏவினார். முதல் கட்டம் நன்றாகப் போனது. இரண்டாம் கட்டத்தில் கட்டுப்பாடு போய்விட்டது. 317 வினாடியில் எல்லாம் முடிந்து ராக்கெட் வங்காள விரிகுடாவில் விழுந்தது. இரண்டாம் கட்டத்தைத் திசை திருப்பும் அமைப்பில் வால்வு ஒன்று அடைத்துக்கொள்ளாமல் நின்று நைட்ரிக் அமிலம் கசிந்து தீர்ந்ததுதான் காரணம்.

நிரல் மொழியில் சொன்னால், எழுந்த விதிவிலக்கைப் பிடித்து ஒன்றுமே செய்யாமல் விட்டுவிட்டார்கள். இன்றும் புதிதாக நிரல் எழுதுபவர்கள் அடிக்கடி செய்யும் தவறு இதுதான். பிழைச்செய்தி தொல்லையாக இருக்கிறது என்று அதைப் பிடித்து விழுங்கிவிடுவார்கள். செய்தி போய்விடும், பிழை போகாது.

அன்று பத்திரிகையாளர்கள் முன்னால் தோல்விக்குப் பொறுப்பேற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன். 1980 ஜூலை 18-இல் எஸ்எல்வி-3 வென்றபோது கலாமை முன்னால் அனுப்பியவரும் அவர்தான். அந்த ஏவுதளம் இப்போது அவர் பெயரில்தான் இருக்கிறது.

1993: வரம்பைத் தாண்டிய எண்

1993 செப்டம்பர் 20. பிஎஸ்எல்வியின் முதல் பயணம். ஐஆர்எஸ்-1ஈ என்ற தொலையுணர்வு செயற்கைக்கோளைச் சுமந்துகொண்டு கிளம்பியது. இரண்டாம் கட்டம் பிரியும் நேரம் வரை பெரிய பிரச்சினை இல்லை. பிரியும்போது எதிர்பார்த்ததைவிடப் பெரிய ஆட்டம் ஏற்பட்டது. அதைச் சமாளிக்கத் தன்னியக்கக் கணினி கட்டளை போட வேண்டும். பெரிய ஆட்டம் என்பதால் பெரிய கட்டளை தேவைப்பட்டது.

அங்கேதான் சிக்கல். ராக்கெட்டின் மூக்கை மேலும் கீழும் திருப்பும் கட்டுப்பாட்டுப் பகுதியின் மென்பொருளில் ஒரு பிழை ஒளிந்திருந்தது. கட்டளையின் மதிப்பு குறிப்பிட்ட உச்ச வரம்பைத் தாண்டினால் மட்டுமே அந்தப் பிழை வெளியே வரும். சாதாரணமாகப் பறந்தால் தெரியவே தெரியாது. ராக்கெட் சுற்றுப்பாதையை எட்டாமல் கடலில் விழுந்தது.

யோசித்துப் பாருங்கள். ராக்கெட் தடுமாறும்போது காப்பாற்ற வேண்டிய நிரல், தடுமாறும்போது மட்டும் தவறு செய்யும் நிரலாக இருந்திருக்கிறது. நல்ல வெயிலில் குடை சரியாகத்தான் விரியும். ஓட்டை இருப்பது மழையில்தான் தெரியும்.

பிழை திருத்தப்பட்டது. 1994 அக்டோபர் 15-இல் இரண்டாவது பிஎஸ்எல்வி வெற்றிகரமாகப் பறந்தது. 2008-இல் சந்திரயான்-1, 2013-இல் மங்கள்யான், 2017-இல் ஒரே தடவையில் 104 செயற்கைக்கோள்கள் என்று அந்த ராக்கெட் பெயர் வாங்கியது பிறகு நடந்த கதை.

1996: உலகிலேயே பிரபலமான பிடிபடாத விதிவிலக்கு

மூன்று ஆண்டுகள் கழித்து உலகின் இன்னொரு மூலையில் இதே ரகப் பிழை. தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவில் உள்ள கூரூ ஏவுதளம். இந்தியாவின் இன்சாட் செயற்கைக்கோள்கள் பல அங்கிருந்துதான் போயிருக்கின்றன. 1996 ஜூன் 4-ஆம் தேதி ஐரோப்பாவின் புத்தம்புது ஏரியன்-5 தன் முதல் பயணத்தைத் தொடங்கியது. உள்ளே க்ளஸ்டர் திட்டத்தின் நான்கு ஆய்வுச் செயற்கைக்கோள்கள். சுமார் 40 வினாடிதான். தடாலென்று பாதையை விட்டுத் திரும்பி, காற்றின் அழுத்தத்தில் உடைந்து வெடித்துச் சிதறியது.

பிரெஞ்சு கணித அறிஞர் ழாக்-லூயி லியோன்ஸ் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு ஜூலை மாதமே அறிக்கை கொடுத்துவிட்டது. நடந்தது இதுதான்.

ராக்கெட் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று சொல்லும் கருவியில் ஒரு கணினி. அது பக்கவாட்டு வேகம் தொடர்பான ஓர் எண்ணை 64 பிட் தசம எண்ணிலிருந்து 16 பிட் முழு எண்ணாக மாற்ற வேண்டும். 16 பிட் பெட்டியில் -32,768 முதல் 32,767 வரைதான் அடங்கும். எண் அதைத் தாண்டிவிட்டது. அடா மொழி தன் கடமையைச் செய்தது, விதிவிலக்கு எழுப்பியது. பிடிக்க ஆள் இல்லை.

ஏன் இல்லை? மறதியால் அல்ல. கணினியின் வேலைப்பளு 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஓர் இலக்கு. ஆபத்தான ஏழு மாறிகளில் நான்குக்குப் பாதுகாப்பு போட்டார்கள். மூன்றை, "இவை வரம்பைத் தாண்ட வாய்ப்பே இல்லை" என்று விட்டுவிட்டார்கள். ஏரியன்-4 ராக்கெட்டைப் பொறுத்தவரை அது உண்மை. அதே மென்பொருளை ஏரியன்-5-க்கும் எடுத்துக்கொண்டார்கள். புது ராக்கெட்டின் பக்கவாட்டு வேகம் பழையதைப் போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு வேகமாக ஏறும் என்பதை யாரும் அந்த எண்ணோடு பொருத்திப் பார்க்கவில்லை.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. அந்தக் கணக்கே அப்போது தேவையில்லை! ராக்கெட் தரையில் நிற்கும்போது திசையைச் சரிபார்க்கும் கணக்கு அது. ஏரியன்-4 காலத்தில், கடைசி நொடியில் கவுண்ட்டவுன் நின்றால் முக்கால் மணி நேரம் வீணாகாமல் சீக்கிரம் தொடரலாம் என்பதற்காக, கிளம்பிய பிறகும் 40 வினாடி வரை ஓட விட்டிருந்தார்கள். 1989-இல் ஒரே ஒரு தடவை அது பயன்பட்டது. ஏரியன்-5-க்கு அந்த ஏற்பாடே வேண்டியதில்லை. பழைய பேரேட்டில் இருந்து யாரும் அடிக்காமல் விட்ட ஒரு வரி மாதிரி அது கூடவே வந்துவிட்டது.

சரி, விதிவிலக்கு எழுந்தது, அப்புறம்? விதிவிலக்கு வந்தால் தகவலைப் பதிவு செய்துவிட்டுக் கணினியை நிறுத்திவிட வேண்டும் என்பதுதான் எழுதி வைத்த விதி. உதிரிப் பாகம் ஏதாவது கெட்டுப் போனால்தான் விதிவிலக்கு வரும் என்று நினைத்தார்கள். கெட்டது நின்றுவிடட்டும், பக்கத்தில் இருக்கும் மாற்றுக் கணினி பார்த்துக்கொள்ளும்! ஆனால் மாற்றுக் கணினியிலும் அதே மென்பொருள், அதே எண். அது 72 மில்லி வினாடிக்கு முன்பே நின்றுபோயிருந்தது. இரண்டு குமாஸ்தாக்களுக்கும் ஒரே தப்பான வாய்ப்பாட்டைக் கொடுத்துவிட்டு ஒருவர் கணக்கை இன்னொருவரை விட்டுச் சரிபார்க்கச் சொன்ன கதைதான்.

நின்றுபோன கணினி தன் பிழைச்செய்தியை அனுப்பியது. அதை வாங்கிய தலைமைக் கணினி, அது பிழைச்செய்தி என்று தெரியாமல் ராக்கெட்டின் திசை என்றே நினைத்துக்கொண்டது. இல்லாத விலகலைச் சரிசெய்ய எஞ்சின்களை முழுமூச்சாகத் திருப்பியது. எந்த உதிரிப் பாகமும் பழுதாகாத ஒரு ராக்கெட் இப்படித்தான் அழிந்தது.

ஏரியன்-5 பிறகு திருந்திப் பறந்தது. 2000 மார்ச்சில் நம் இன்சாட்-3பி அதில்தான் போனது. 2021-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியும் அதில்தான் போனது. 2023 ஜூலையில் தன் கடைசிப் பயணத்தை முடித்துக்கொண்டது.

2001: ஒரு வினாடியில் பிழைத்த ராக்கெட்

இப்போது எதிர்ப்பக்கத்தைப் பார்ப்போம். 2001 மார்ச் 28, மறுபடி ஸ்ரீஹரிகோட்டா. ஜிஎஸ்எல்வியின் முதல் முயற்சி. பக்கவாட்டில் இருக்கும் நான்கு திரவ எரிபொருள் எஞ்சின்களும் எரியத் தொடங்கிவிட்டன. புகையும் நெருப்பும் கிளம்பிவிட்டன. நான்கில் ஒன்று போதிய உந்துவிசை தரவில்லை என்று கணினி கண்டுபிடித்தது. மேலெழும்ப ஒரு வினாடி இருக்கும்போது எல்லாவற்றையும் நிறுத்தியது!

மனிதன் யோசித்து முடிவெடுக்கும் நேரமல்ல அது. எஞ்சினைப் பழுதுபார்த்து மூன்றே வாரத்தில், ஏப்ரல் 18-ஆம் தேதி, அதே ராக்கெட் பறந்தது. 2023 அக்டோபர் 21-இல் ககன்யான் சோதனை ராக்கெட்டையும் கணினி ஐந்து வினாடி இருக்கும்போது நிறுத்தி வைத்தது. காரணத்தைப் பார்த்துச் சரிசெய்து அன்று காலை 10 மணிக்கே ஏவினார்கள்.

ஏரியனிலும் நிறுத்தினார்கள், ஜிஎஸ்எல்வியிலும் நிறுத்தினார்கள். ஒன்று அழிந்தது, ஒன்று பிழைத்தது. வித்தியாசம் காலுக்குக் கீழே தரை இருந்ததா என்பதுதான்.

2022: பிடித்தார்கள், ஆனால்...

அப்படியானால் பறக்கும்போது நிறுத்தாமல் மாற்று வழிக்குப் போய்விட்டால் போதுமா? அதற்கும் ஒரு கதை இருக்கிறது.

2022 ஆகஸ்ட் 7. சிறிய செயற்கைக்கோள்களுக்காக உருவான எஸ்எஸ்எல்வியின் முதல் பயணம். அதில் இருந்த 'ஆசாதிசாட்' என்ற எட்டு கிலோ செயற்கைக்கோள், நாடு முழுக்க 75 பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள் கைவண்ணம். ஒருங்கிணைத்தது சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா.

இரண்டாம் கட்டம் பிரியும்போது கொஞ்ச நேரம் கடுமையான அதிர்வு. வேக மாற்றத்தை அளக்கும் முடுக்கமானிகளின் அளவு அந்தக் கணம் உச்சத்தைத் தொட்டுவிட்டது. கருவிகள் கெட்டதா என்று கவனிக்கும் நிரல் இதைப் பார்த்து, "முடுக்கமானிகள் பழுது" என்று முடிவு கட்டியது. உண்மையில் அவை நன்றாகத்தான் இருந்தன. ராக்கெட் நிற்கவில்லை, முன்பே யோசித்து வைத்திருந்த மீட்பு முறைக்கு மாறியது. அந்த முறையில் முடுக்கமானிகளின் தகவலை நம்பாமல் போக வேண்டும். கடைசியில் வேகம் போதவில்லை. 356 கிலோமீட்டர் உயரத்தில் வட்டமாகச் சுற்ற வேண்டிய செயற்கைக்கோள்கள் 356-க்கு 76 என்ற நீள்வட்டத்தில் போய் விழுந்தன. 76 கிலோமீட்டரில் காற்று இருக்கிறது. காற்றில் உராய்ந்தால் செயற்கைக்கோள் நிலைக்காது. மாணவிகளின் உழைப்பு போயிற்று.

இங்கே பிடிக்க ஆள் இருந்தது. மாற்று வழியும் இருந்தது. நோயைத் தவறாகக் கண்டுபிடித்ததுதான் பிரச்சினை. நன்றாக இருந்த பல கருவிகள் ஒரே கணத்தில் கெட்டுவிட்டன என்றால், கருவிகளைச் சந்தேகிக்கும் முன் தீர்ப்பு சொன்ன நிரலையே சந்தேகிக்க வேண்டும் அல்லவா? ஏரியனில் இரண்டு கணினியும் ஒன்றாக 'கெட்டதும்' இதே மாதிரிதான்.

பிரிக்கும் அமைப்பையும் சோதிக்கும் நிரலையும் மாற்றினார்கள். 2023 பிப்ரவரி 10-இல் எஸ்எஸ்எல்வி வெற்றி பெற்றது. அதில் மாணவிகளின் ஆசாதிசாட்-2 இருந்தது.

ஃபர்னஸ்காரருக்குத் தெரிந்த உண்மை

இதெல்லாம் ராக்கெட்காரர்கள் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். ஏரிக்கு இந்தப் பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஸ்கிராப் இரும்பை உருக்கும் ஆலைகள் உண்டு. ரோலிங் மில்லில் ஆபத்து என்றால் சிவப்புப் பட்டனை அடித்தால் போதும், உருளை நின்றால் ஆள் பிழைப்பார். ஆனால் இண்டக்‌ஷன் ஃபர்னஸில் அப்படி எல்லாவற்றையும் நிறுத்த முடியாது. உள்ளே சுமார் 1,600 டிகிரியில் உருகிய இரும்பு. அதைச் சுற்றித் தாமிரக் காயில், காயிலுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீர். கரண்ட் போய்விட்டது என்று தண்ணீரும் நின்றால் காயில் சூடேறி ஓட்டையாகும். தண்ணீரும் உருகிய இரும்பும் சந்தித்தால் வெடிதான். அதனால் கரண்ட் நின்றாலும் தண்ணீர் ஓட மேல்தொட்டியோ டீசல் பம்ப்போ தயாராக இருக்க வேண்டும்.

அத்திப்பட்டில் இருக்கும் வடசென்னை அனல் மின் நிலையத்தைப் போன்ற இடங்களில் 'யூனிட் டிரிப்' ஆனாலும் இதே கதைதான். நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றிய டர்பைன் உடனே நின்றுவிடாது. அது அடங்கும் வரை பேட்டரியில் ஓடும் பம்ப்பாவது எண்ணெய் தந்துகொண்டே இருக்க வேண்டும்.

ஆக, நிறுத்துவதும் ஒரு வேலைதான். அதற்கும் திட்டம் வேண்டும்.

நூலகங்கள் கற்றுக்கொண்டது

இன்றைய மொழிகளில் இந்தப் பாடம் கொஞ்சம் ஏறியிருக்கிறது. சி++ மொழியில் டெர்மினேட் என்ன செய்ய வேண்டும் என்று நாமே சொல்லலாம். பைதானில் 2001 முதல், பிடிபடாத விதிவிலக்கு வந்தால் நம் செயற்கூறு ஒன்றை அழைக்க வைக்கலாம். ஜாவா 5 வந்த 2004 முதல் எல்லா இழைகளுக்கும் பொதுவாக ஒரு கடைசிக் காவலாளியை வைக்கலாம். ஜாவாவில் ஓர் இழை செத்தால் மற்ற இழைகள் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அடாவிலும் ஒரு பணி யாருக்கும் தெரியாமல் சத்தமில்லாமல் செத்துப் போகலாம். கடையில் ஓர் ஆள் மயங்கி விழுந்தது தெரியாமல் வியாபாரம் நடப்பது மாதிரி.

ஸ்வீடனின் எரிக்சன் நிறுவனத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்காக 1980-களில் பிறந்த எர்லாங் மொழி வேறு பாதையில் போனது. ஜோ ஆம்ஸ்ட்ராங் முதலானோரின் யோசனை அது. சிறு வேலை ஒன்று பிழைத்தால் சாகட்டும். ஆனால் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மேற்பார்வையாளர் வேறாக இருக்கட்டும், அவர் அதைச் சுத்தமாக மறுபடி தொடங்கட்டும். ஓர் அழைப்பு அறுந்தாலும் எக்ஸ்சேஞ்ச் நிற்காது.

ஆனால் கடைசிக் காவலாளிக்கும் ஒரு எல்லை உண்டு. பிழை அவரிடம் வரும்போது வேலை பாதியில் அறுந்திருக்கும். எந்தத் தகவல் சரி, எது கெட்டது என்று அவருக்குத் தெரியாது. அவர் செய்யக் கூடியது மூன்றுதான்: நடந்ததை எழுதி வைப்பது, கையில் இருப்பதைப் பத்திரமான நிலையில் விடுவது, ஒழுங்காக முடிப்பது. எதுவுமே நடக்காதது போல் தொடர அவர் முயன்றால் பிழை இன்னும் பெரிதாகும்.

முடிவாக

1979-இல் எச்சரிக்கையை ஒதுக்கியதால் தோல்வி. 1993-இல் வரம்பைத் தாண்டினால் என்ன ஆகும் என்று பார்க்காததால் தோல்வி. 1996-இல் நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியதால் தோல்வி. 2022-இல் கெடாததைக் கெட்டது என்று நம்பியதால் தோல்வி. 2001-இல் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தியதால் ராக்கெட் பிழைத்தது.

நிற்பது நல்லதா, ஓடுவது நல்லதா என்ற கேள்விக்கு எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. "இந்த நிரல் இந்தக் கணம் நின்றால், அதை நம்பி இருப்பது என்ன ஆகும்?" என்று கேட்டால் அந்த இடத்துக்கான பதில் கிடைக்கும். கல்லூரி ப்ராஜெக்ட் நின்றால் மறுபடி ஓட்டிக்கொள்ளலாம். சம்பளப் பட்டியல் பாதியில் நின்றால் யாருக்குப் பணம் போனது, யாருக்குப் போகவில்லை என்று தெரியாது. ஃபர்னஸ் தண்ணீர் நின்றால் ஆள் உயிர். அந்தக் கேள்வியை நூலகம் எழுதியவர் நமக்காகக் கேட்க மாட்டார், எழுதும் நாம்தான் கேட்க வேண்டும்.

அடுத்த தடவை கும்மிடிப்பூண்டி மொட்டை மாடியிலிருந்து வடகிழக்கே ஒரு தீக்கோடு எழும்புவதைப் பார்த்தால், அதற்குள் ஓடும் நிரல்களையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம். அவற்றில் பல வரிகள், நடக்கவே கூடாது என்று எல்லோரும் வேண்டிக்கொள்ளும் நேரத்துக்காக எழுதப்பட்டவை.